வேலை நின்றுபோன பைலட்டுக்கு: புது கம்பெனியில் சேரும் முன் சீனியாரிட்டியை எடைபோடுவது எப்படி

விமான கம்பெனி ஒன்று நின்றுபோனால் பைலட்டுக்கு இரண்டு நஷ்டம். சம்பளம் நின்றது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சீனியாரிட்டி போனது அவருக்கு மட்டும்தான் தெரியும். பேங்க்கில் வேலை பார்த்தவர் இன்னொரு பேங்க்குக்குப் போனால் அனுபவத்துக்கு ஏற்ற நாற்காலி கிடைக்கும். பைலட் ஆறாயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் புது கம்பெனியின் சீனியாரிட்டிப் பட்டியலில் கடைசிப் பெயராகத்தான் ஏறுவார். புதிதாக லைசென்ஸ் வாங்கி, அவருக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்த பையன் அவருக்கு மேலே இருப்பான்.

நான் கோபிக்காரன். முதலில் சேர்ந்த கம்பெனி நின்றுபோய், அடுத்ததில் சேர்ந்து, இப்போது ஏர்பஸ் ஏ320 ஜெட் விமானத்தின் கேப்டன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து இந்தத் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் வேலை நின்றதும் போன் பண்ணுவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ரெண்டு எடத்துல கூப்பிடறாங்க, எங்க சேரட்டுங்க?" கடன் தவணை கழுத்தை நெரிக்கிற நேரத்தில் இந்த முடிவை எடுத்துவிட்டு, அதன் விளைவைப் பத்து வருஷம் சுமக்கிறவர்களைப் பார்க்கிறேன். அதனால் போனில் அரைகுறையாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

சீனியாரிட்டி நம்பர் எதற்கெல்லாம் உதவும்

கோ-பைலட்டாக இருப்பவர் எப்போது கேப்டன் ஆவார், பேஸாக, அதாவது தங்கி வேலை பார்க்கும் ஊராக, எது கிடைக்கும், பெரிய விமானத்துக்கு ஆள் எடுக்கும்போது முதலில் யாரைக் கூப்பிடுவார்கள், பொங்கலுக்கும் பண்ணாரி குண்டத்துக்கும் லீவு யாருக்கு என்பதெல்லாம் பட்டியலில் உள்ள இடத்தை ஒட்டியே நடக்கிறது. வீட்டுக்கு வந்து போக வசதியாகச் சென்னை, பெங்களூரு பேஸ் வேண்டும் என்று நம் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கேட்கிறோம். நம்பர் கீழே இருந்தால் டெல்லியில் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணை நிறைந்த வருஷத்தில் தலைமடையும் கடைமடையும் ஒன்றுபோலத்தான் விளையும். தண்ணீர் குறைந்த வருஷத்தில்தான் தன் காடு எங்கே இருக்கிறது என்று கடைமடைக்காரருக்கு உறைக்கும். சீனியாரிட்டியும் அப்படித்தான். ஆள் எடுக்கிற காலத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் வந்தவர் முதலில் போவார் என்பது அமெரிக்காவில் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விதி. நம் ஊர் தனியார் கம்பெனிகளில் அப்படி ஒரு எழுத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆள் குறைக்கும்போது விமான வகை, பேஸ், சம்பளச் செலவு, பழைய சிமுலேட்டர் ரிப்போர்ட் என்று எதை வேண்டுமானாலும் பார்ப்பார்கள். எனவே இங்கே சீனியாரிட்டியின் பெரிய பலன் கமாண்ட், அதாவது கேப்டன் பதவிதான். வேலைப் பாதுகாப்புக்கு அதை முழுதாக நம்பக் கூடாது.

பழைய நம்பரைப் பிடித்துக்கொண்டிருப்பதா, விடுவதா

இந்தியாவில் என் பதில் ஒரே வரி: மூடிய கம்பெனி திரும்ப எழும் என்று காத்திருக்காதீர்கள்.

கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. திரும்ப எழவில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. 2021இல் மீட்புத் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்ததும், பழைய இடம் அப்படியே கிடைக்கும் என்று பலர் நம்பினார்கள். 2024 நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட் சொத்தை விற்றுக் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம், என்ஜின் கிடைக்காமல் பாதி விமானங்கள் தரையில் நிற்க, திவால் மனு போட்டது. சில நாளில் பறப்போம் என்று முதலில் சொன்னார்கள். 2025 ஜனவரியில் அதையும் கலைக்க உத்தரவாகிவிட்டது. இந்த வருஷங்களில் வேறு இடத்தில் சேர்ந்தவர்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். காத்திருந்தவர்கள் அந்த நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். பைலட்டுக்குக் காத்திருப்பதன் விலை சம்பள பாக்கியோடு முடிவதில்லை.

கம்பெனி மூடாமல், சம்பளமில்லா விடுப்பில் உட்கார வைத்திருந்தால் கதை வேறு. பேப்பரில் நீங்கள் இன்னும் அவர்கள் ஆள். 2017இல் விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டன் ஓராண்டும் கோ-பைலட் ஆறு மாதமும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கம்பெனி என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கொடுத்தால் முன்பே போகலாம். புது இடத்தில் சேரும் தேதியை இந்த என்ஓசிதான் தீர்மானிக்கும் என்பதால், ஆஃபர் வரட்டும் என்று உட்காராமல், சம்பளம் நின்ற முதல் மாதமே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஹெச்ஆர் வாயால் சொல்லும் "பாத்துக்கலாம்" எதற்கும் ஆகாது.

அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே ஃபர்லோ, அதாவது தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்துவது என்றால் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். கீழிருந்து மேலாக அனுப்புவார்கள், மேலிருந்து கீழாகத் திரும்பக் கூப்பிடுவார்கள். கிரீன் கார்டோடு அங்கே பறக்கிற நம் ஊர்க்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். ஃபர்லோவில் இருப்பவர் வேறு கம்பெனிக்குப் போனால், பழைய சீனியாரிட்டியை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்த பிறகு சேர் என்று சில கம்பெனிகள் கேட்கும். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள். ஃபர்லோவில் இருப்பவர்களில் உங்களுக்கு மேலே எத்தனை பேர்? அந்தக் கம்பெனியில் 65 வயது தொட்டு வருஷத்துக்கு எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள்? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், கம்பெனி ஒரு விமானம்கூடப் புதிதாக வாங்காவிட்டாலும் எத்தனை வருஷத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். இரண்டு வருஷத்துக்குள் என்றால் நான் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன். தற்காலிகமாகச் சரக்கு விமானமோ பயிற்சிப் பள்ளியோ பார்த்துக்கொள்வேன். ஐந்துக்கு மேல் என்றால் போட்டுவிட்டுப் புது நம்பரை வளர்ப்பேன்.

அங்கே இரண்டு விதமும் நடந்திருக்கிறது. 2020 அக்டோபர் முதல் தேதி, கொரோனா சம்பள உதவி முடிந்ததும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைலட்டுகளை அனுப்பியது. டிசம்பரில் அரசு உதவி மறுபடி வந்ததும் திரும்பக் கூப்பிட்டது. அந்த மூன்று மாதத்துக்குள் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தால் அது போனதுதான். 2001 செப்டம்பருக்குப் பிறகு அனுப்பப்பட்டவர்களில் பலர் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இடையில் 2007இல் ஓய்வு வயது 60லிருந்து 65 ஆனதும் மேலே இருந்தவர்கள் யாரும் நகரவில்லை, கீழே இருந்தவர்களின் கணக்கு முழுதும் தள்ளிப்போனது.

எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள்

ஆஃபர் லெட்டர் வந்ததும் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறோம். அப்புறம் பாண்டு தொகை, அதாவது பாதியில் விலகினால் கட்ட வேண்டிய பணம். சீனியாரிட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்று கேட்பவர் குறைவு. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். சில இடங்களில் வேலையில் சேர்ந்த நாள். சில இடங்களில் கிரவுண்ட் கிளாஸ் தொடங்கிய நாள். சில இடங்களில் லைன் ரிலீஸ் ஆன நாள், அதாவது பயிற்சி முடித்து சாதாரண கோ-பைலட்டாகப் பறக்க ஆரம்பித்த நாள்.

கடைசி வகையில்தான் வேலை நின்று வருகிறவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏ320 ரேட்டிங் (அந்த விமான வகையை ஓட்டும் தகுதி) கையில் இருந்து, ரீசன்சியும் (அண்மையில் பறந்த தகுதி) உயிரோடு இருந்தால், உங்களுக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்து டைப் ரேட்டிங் இப்போதுதான் தொடங்குகிறவரைவிட நீங்கள் முன்பே ரிலீஸ் ஆவீர்கள். அதே விமான வகை உள்ள கம்பெனிக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது இதனால்தான். இதற்கு நேர்மாறும் உண்டு. சிமுலேட்டர் ஸ்லாட் இல்லை, பயிற்சி கேப்டன் இல்லை என்று ரிலீஸ் மூன்று மாதம் தள்ளிப்போனால், உங்கள் தவறு ஏதும் இல்லாமலே பத்து இருபது பேர் மேலே போய்விடுவார்கள்.

ஒரே நாளில் சேரும் பேட்சுக்குள் வரிசை எப்படி என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வயதில் மூத்தவர் முதலில் என்று சில இடங்களில், தேர்வு மார்க் என்று சில இடங்களில், பறந்த மணி நேரம் என்று சில இடங்களில். ஒரு பேட்சில் முப்பது பேர் என்றால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் கமாண்டில் மூன்று நான்கு மாதம் வித்தியாசம் வரலாம்.

இன்னொன்று, சம்பளத்துக்கான சர்வீஸ் வேறு, சீனியாரிட்டி வேறு. பழைய அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்து மூன்றாம் வருஷச் சம்பளத்தில் எடுக்கிறோம் என்று சொன்னால், பட்டியலிலும் மூன்று வருஷம் மேலே போட்டுவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பட்டியலில் நீங்கள் கடைசிதான்.

தாளும் பேனாவும் எடுத்து

போன மழைக்காலத்தில் அந்தியூர்த் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயது 31. ஏ320இல் இரண்டாயிரத்துச் சொச்சம் மணி. அவர் கம்பெனி நின்று சில மாதம் ஆகியிருந்தது. பயிற்சிக் கடனுக்கு அப்பாவின் மஞ்சக்காடு பேங்க்கில் இருக்கிறது. கையில் இரண்டு ஆஃபர். ஒன்று ஏ320 வைத்திருக்கும் பெரிய கம்பெனி, நான்கு மாதம் கழித்துச் சேர வேண்டும். இன்னொன்று ஏடிஆர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானம் ஓட்டும் சின்ன கம்பெனி, பதினைந்து நாளில் சேரலாம், இரண்டு வருஷத்தில் கமாண்ட் என்று வாய்வார்த்தை.

"சீக்கிரம் கேப்டன் ஆனாப் போதுமுங்ணா, கடன் அடைஞ்சுரும்" என்றார்.

"சரிங்க தம்பி, எழுதிப் பாத்துரலாம்" என்று பால் கணக்கு நோட்டை எடுத்தேன்.

அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். எண்கள் ஒரு மாதிரிக்குத்தான், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனியில் அவருக்கு மேலே 1,400 கோ-பைலட்டுகள். வருஷத்துக்கு 40 விமானம் வருகிறது என்று வைப்போம். ஒரு ஏ320க்குச் சுமாராக ஐந்து கேப்டன் தேவை என்றால் 200 கமாண்ட். ஓய்வு, வெளிநாடு போவது, மெடிக்கல் சோதனையில் தேறாமல் நிற்பது என்று 80 இடம் காலியாகும். ஆக 280. 1,400ஐ 280ஆல் வகுத்தால் ஐந்து வருஷம்.

இதோடு நிறுத்தக் கூடாது. விமானம் சொன்ன தேதிக்கு வராது. இண்டிகோ 2023 ஜூனில் ஒரே நேரத்தில் 500 விமானத்துக்கும், ஏர் இந்தியா அதே வருஷம் பிப்ரவரியில் 470 விமானத்துக்கும் ஆர்டர் கொடுத்தன. ஆர்டர் கொடுப்பது ஒரு நாள் வேலை, விமானம் வந்து சேர்வது பல வருஷக் கதை. என்ஜின் பிரச்சினையில் புது விமானங்களே தரையில் நின்றதைப் பார்த்தோம். எனவே விமான வரவைப் பாதியாக்கி இன்னொரு முறை போடுங்கள்: 100ம் 80ம் சேர்ந்து 180, கிட்டத்தட்ட எட்டு வருஷம். ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் எங்கோ என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

சின்ன கம்பெனியில் மேலே 60 பேர். வருஷத்துக்கு நான்கு விமானம், 20 கமாண்ட். கேப்டன்கள் ஜெட்டுக்கு மாறிப் போவதால் இன்னொரு 20. ஒன்றரை வருஷம் என்று வருகிறது. வாய்வார்த்தை பொய்யில்லை. ஆனால் அந்த நான்கு விமானம் வராமல், கேப்டன்கள் போவதும் நின்றுவிட்டால்? 60 பேர் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். சின்னப் பட்டியல் வேகமாக நகரும், வேகமாக நிற்கவும் செய்யும்.

அடுத்து நான் எழுதச் சொன்னது பலரும் போடாத கணக்கு: சேர்ந்து ஒரு வருஷம் கழித்து உங்களுக்குக் கீழே எத்தனை பேர்? பெரிய கம்பெனி மாதம் 40 பேர் எடுத்தால் வருஷக் கடைசியில் கீழே 480 பேர். சின்ன கம்பெனியில் கீழே பதினைந்து இருபது பேர்தான். மந்தம் வந்து பத்தில் ஒருவரை நிறுத்தினால் முதலில் யார் மேல் விழும் என்று இது சொல்லும். ஏற்கெனவே ஒரு முறை வேலை போனவருக்குக் கமாண்ட் தேதியைவிட இந்த எண் முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து. விதி எழுத்தில் இல்லாத நம் நாட்டிலும், ஆள் எடுப்பதை நிறுத்தப் போகும் கம்பெனியின் கடைசி பேட்சில் இருப்பதுபோல ஆபத்து வேறில்லை. ரிலீஸ் ஆகாதவர்களை வீட்டில் உட்கார வைப்பது சுலபம்.

மூன்றாவது கேள்வி, அங்கிருந்து அடுத்து எங்கே? ஏடிஆர் கேப்டன் ஆகி 35 வயதில் ஜெட்டுக்கு மாறினால் மறுபடி பட்டியலின் அடி. இரண்டாம் முறை கடைசிக்குப் போவதா என்று இப்போதே யோசிக்க வேண்டும். ஏடிஆரை நான் குறைத்துச் சொல்லவில்லை. சேலம் மாதிரி ஊர்களுக்கு விமானமே அதனால்தான் வருகிறது. கமாண்ட் மணி நேரம் கையில் இருந்தால் பிற்காலத்தில் எந்தக் கதவும் திறக்கும். ஆனால் இந்தத் தம்பியின் ஏ320 ரேட்டிங் பயன்படுத்தாமல் கிடந்து பழசாகிவிடும் என்பதையும் எடையில் போட வேண்டும்.

அவர் பெரிய கம்பெனிக்குப் போனார். நான்கு மாதத் தவணைக்கு பேங்க் மேனேஜரிடம் அவகாசம் எழுதிக் கேட்டு வாங்கினார். அவருக்கு 31 வயது, 65 வரை 34 வருஷம் இருக்கிறது, அதனால் அது சரியான முடிவு. அதே ஆஃபரோடு 48 வயதுக்காரர் வந்திருந்தால் ஏடிஆருக்குத்தான் போகச் சொல்லியிருப்பேன்.

நேரடி கேப்டனாகக் கூப்பிட்டால்

கமாண்ட் மணி நேரம் உள்ளவர்களை, ஆள் பற்றாக்குறை உள்ள கம்பெனிகள் நேரடியாகக் கேப்டனாக எடுக்கும். சம்பளம் முதல் நாளிலிருந்தே கேப்டன் சம்பளம். ஆனால் கேப்டன் பட்டியலில் கடைசி. பேஸ், லீவு, பெரிய விமானம் எதிலும் கடைசிப் பங்குதான். அங்கேயே வளர்ந்து கமாண்டுக்குக் காத்திருக்கும் கோ-பைலட்டுகளுக்கு அது வருத்தம், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 50 தாண்டியவருக்கு நான் யோசிக்காமல் சேரச் சொல்வேன். மிச்சமிருக்கும் வருஷத்தில் நம்பர் வளர்ந்து பலன் தராது, கைக்கு வரும் சம்பளமும் வீட்டுக்குப் பக்கத்துப் பேஸும்தான் கணக்கு. 40க்குக் கீழே என்றால், உள்ளூர் ஆட்கள் கமாண்டுக்குத் தயாரானதும் உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகு யோசியுங்கள்.

வளைகுடா பற்றிச் சுருக்கமாக: வரி இல்லாத சம்பளம் கடனைச் சீக்கிரம் அடைக்கும். பெரும்பாலும் சங்கம் கிடையாது, வேலை போனால் விசாவும் போகும். 2020இல் அங்கே பெரிய கம்பெனிகளே பைலட்டுகளை அனுப்பின. போகிறவர் அதைச் சம்பாதிக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

இணைப்பு வந்தால்

இரண்டு கம்பெனிகள் சேரும்போது இரண்டு பட்டியலை எப்படிப் பின்னுவது என்பதில்தான் இந்தத் தொழிலின் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ என்ற இன்னொரு அமெரிக்க விமான கம்பெனியை வாங்கியபோது, டிடபிள்யூஏ பைலட்டுகளில் பெரும்பகுதியினர் பட்டியலின் அடியில் வைக்கப்பட்டார்கள். அடுத்து வந்த மந்தத்தில் அவர்கள்தான் அதிகம் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கசப்புக்குப் பிறகு 2007இல், இணைப்பில் பட்டியலை நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அதே 2007இல் நம் நாட்டில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. ஐந்து வருஷம் கழித்தும் மனம் ஒட்டவில்லை. புது 787 விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்ற கேள்வியில் 2012இல் ஏர் இந்தியா பைலட்டுகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்தது.

சேரப் போகும் கம்பெனி வாங்கும் இடத்தில் இருக்கிறதா, வாங்கப்படும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடன், வாடகை விமானங்களுக்குப் பாக்கி, சம்பளம் தேதி தவறுவது இவை முன்கூட்டியே தெரியும். கோவை பீளமேடு ஏர்போர்ட்டிலேயே அந்தக் கம்பெனியின் தரைப் பணியாளர்களிடமும் என்ஜினியர்களிடமும் பேசினால் போதும். சம்பளம் எந்தத் தேதி வருகிறது, பாகம் மாற்றாமல் எத்தனை விமானம் நிற்கிறது என்று அவர்களுக்கு முதலில் தெரியும்.

சேரும் வரை, சேர்ந்த அன்று

வீட்டில் இருக்கும் மாதங்களில் மெடிக்கல் சோதனையைத் தவறவிடாதீர்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லையென்றால் ரீசன்சி போய்விடும், சிமுலேட்டரில் திரும்பப் பெற வேண்டும். கையில் காசு இருந்தால் ஐஆர் (கருவிகளை வைத்துப் பறக்கும் தகுதி), பிபிசி (பைலட் திறன் சோதனை) இரண்டையும் உயிரோடு வைத்திருப்பது நல்லது. பழைய கம்பெனியின் கதவு பூட்டும் முன்பே லாக்புக் சான்று, பயிற்சி ஃபைல் நகல், ரிலீவிங் லெட்டர் வாங்கிவிடுங்கள். ஆபீஸ் காலியான பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் அலைந்தவர்கள் உண்டு. அந்த அலைச்சலில் ஒரு பேட்ச் தவறினால் நம்பரும் தவறும். முதல் பேட்சில் வருகிறாயா, அடுத்த மாதம் வருகிறாயா என்று கேட்டால், வீட்டில் கல்யாணமே இருந்தாலும் முதல் பேட்சைக் கேளுங்கள்.

சேர்ந்த அன்று தேதி போட்ட அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் நகலை ஒரு ஃபைலில் வையுங்கள். கிரவுண்ட் கிளாஸ் முதல் நாள் வருகைப் பதிவு, லைன் ரிலீஸ் லெட்டர் எல்லாம் அதே ஃபைலில். கம்பெனி சீனியாரிட்டிப் பட்டியலை வெளியிடும்போது ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள். உங்கள் பெயருக்கு மேலே மூன்று பெயர், கீழே மூன்று பெயர் யாரென்று பார்த்து, அவர்கள் சேர்ந்த தேதியோடு ஒத்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் அந்தக் கெடுவுக்குள் மெயிலில் எழுதி, கிடைத்தது என்ற பதிலையும் வாங்கி அதே ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.